டாலர் குறி வைத்தவர்



மைக்ரோபிராசசர் லேபில் முதன்முதலாக நம்ம பெயரை ஸ்கிரீனில் வரவழைத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஏ.ஹெச்.-ல் 9, டி.எக்ஸ்.-ல் முகவரி, பிறகு இன்ட் 21. நான் பெயருக்குப் பின்னால் டாலர் குறி போட மறந்துவிட்டேன். ஸ்கிரீன் முழுக்கக் கன்னாபின்னா எழுத்துக்கள்! பணத்துக்குப் போடும் குறி இங்கே எதற்கு என்று தேடப் போனேன். ஒரு மனிதரின் வாழ்க்கையே கிடைத்தது.

அவர் பெயர் கேரி கில்டால். 1942 மே 19 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். மாலுமிகளுக்குப் பாடம் சொல்லும் பள்ளி நடத்திய குடும்பம். 1972-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். கலிபோர்னியாவின் மாண்டெரே ஊரில், கடற்படையின் முதுநிலைக் கல்லூரியில் வாத்தியார் வேலை. இன்டெல் கம்பெனிக்காக பி.எல்./எம். என்ற மொழியை எழுதினார். 1974-ல் 8080 சிப்புக்காக சி.பி./எம். என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கினார். மனைவி டோரதியோடு சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் கம்பெனியைத் தொடங்கினார்.

அப்போது ஆளுக்கொரு மாதிரி மெஷின் செய்துகொண்டிருந்தார்கள். ஒன்றுக்கு எழுதிய புரோகிராம் இன்னொன்றில் ஓடாது. கில்டால் என்ன செய்தார் தெரியுமா? மெஷினுக்கு மெஷின் மாறுகிற பகுதியைத் தனியே பிரித்து, பயாஸ் என்று பெயர் வைத்தார். மெஷின் செய்பவர் அதை மட்டும் எழுதினால் போதும். புரோகிராம் எழுதுபவருக்கு ஒரே வாசல், முகவரி 5. சி ரெஜிஸ்டரில் வேலையின் எண், டி.இ. ஜோடியில் தகவல். எண் 9 என்றால், டாலர் குறி வரும்வரை ஸ்கிரீனில் எழுது என்று அர்த்தம். நம்ம டாலர் அதேதான்!

இந்த எண்களையெல்லாம் மேனுவலில் பட்டியல் போட்டுக் கொடுத்தார். அதை நம்பித்தான் வேர்டுஸ்டார் போன்ற புரோகிராம்கள் எத்தனையோ கம்பெனி மெஷின்களில் ஓடின.

அதே மேனுவல் இன்னொருவருக்கும் உதவியது. 1980-ல் சியாட்டிலில் டிம் பேட்டர்சன் 8086 சிப்புக்கு ஒரு சிஸ்டம் எழுதினார். சி.பி./எம். புரோகிராம்களைச் சுலபமாக மாற்றி ஓட்ட வேண்டுமென்று, வேலை எண்களை அப்படியே வைத்துக்கொண்டார். டி.இ. இருந்த இடத்துக்கு டி.எக்ஸ். வந்தது, டாலர் மாறவில்லை. 1981-ல் மைக்ரோசாப்ட் அதை வாங்கியது. ஐ.பி.எம். பி.சி.யோடு 40 டாலருக்கு விற்பனையானது அதுதான். கில்டாலின் சி.பி./எம்.-86 விலை 240 டாலர். சந்தை கையைவிட்டுப் போனது. 1991-ல் கம்பெனியை நோவெல் வாங்கிக்கொண்டது. 1994 ஜூலை 11 அன்று, 52 வயதில், கில்டால் காலமானார்.

மேனுவலை மூடி வைத்திருந்தால் ஜெயித்திருப்பாரோ என்று முதலில் எனக்கும் தோன்றியது. மூடி வைத்திருந்தால் வேர்டுஸ்டார் எப்படி வந்திருக்கும்? அவரை வளர்த்ததும் அந்தத் திறந்த பட்டியல்தான்.

இதை எழுதுகிற எனக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் உண்டு. போன செமஸ்டர் பிராஜக்டில் என் ரொட்டீனின் ரெஜிஸ்டர் ஒன்றை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றினேன். நோட்டில் எழுதவில்லை, நண்பனிடம் சொல்லவும் இல்லை. மறுநாள் எல்லார் முன்னாலும் அவன் புரோகிராம் நின்றுபோனது. திட்டு வாங்கியவன் அவன், தப்பு என்னுடையது. நான் முன்பு சொன்னதை நம்பித்தானே அவன் எழுதியிருந்தான்?

இப்போது உள்ளே எதை மாற்றினாலும் வாசலை மாற்றுவதில்லை. மாற்றியே தீரவேண்டுமென்றால் புது எண் கொடுத்து, தேதி போட்டு, நோட்டில் எழுதிவிட்டுத்தான் தூங்குகிறேன்.

2014-ல் பசிபிக் குரோவ் ஊரில் கில்டாலின் பழைய அலுவலகத்துக்கு முன்னால் ஐ.இ.இ.இ. நினைவுப் பலகை பதித்தது. அது ரொம்ப தூரம். நாம் அடுத்த முறை லேபில் அந்த டாலர் குறியைப் போடும்போது அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம், நண்பர்களே!

– மூன்றாமாண்டு மாணவன், கணிப்பொறித் துறை