எர்னஸ்ட் குட்பாஸ்சர்

எர்னஸ்ட் வில்லியம் குட்பாஸ்சர் (அக்டோபர் 17, 1886 – செப்டம்பர் 20, 1960) ஓர் அமெரிக்க நோயியலாளர் ஆவார். கோழிக் கருமுட்டையில் தீநுண்மிகளை (வைரஸ்களை) வளர்க்கும் முறையை உருவாக்கியதற்காகவும், இவரது பெயரைத் தாங்கிய குட்பாஸ்சர் நோய்க்காகவும் பரவலாக அறியப்படுகின்றார். எனினும், உதட்டில் திரும்பத் திரும்பக் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் தீநுண்மி உடலில் எங்கே உறங்குகின்றது என்பது குறித்து 1920களில் இவர் செய்த ஆய்வுகளே இவரது பணிகளுள் மிக நுட்பமானவை.

இளமையும் கல்வியும்

டென்னசி மாநிலத்தில் கிளார்க்ஸ்வில் நகருக்கு அருகில் பிறந்த குட்பாஸ்சர், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பயின்றபின் 1912இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் ஹார்வர்டில் பணியாற்றினார். முதல் உலகப் போரின்போது பாஸ்டனை அடுத்த செல்சி கடற்படை மருத்துவமனையில் பணிபுரிகையில், 1918இன் கொள்ளைநோயான இன்ஃபுளுவென்சாவால் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்தார். நுரையீரலில் குருதிக்கசிவும் சிறுநீரக அழற்சியும் ஒருங்கே காணப்பட்ட 18 வயது இளைஞர் ஒருவரைப் பற்றி 1919இல் எழுதினார். இவ்விரண்டும் சேர்ந்து வரும் நோய்க்கு 1958இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இவரது பெயரைச் சூட்டினர்.

நரம்பு வழிப் பயணம்

1922இல் பிட்ஸ்பர்க் நகரின் சிங்கர் நினைவு ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். அங்கே ஆஸ்கர் டீக் என்பவருடன் சேர்ந்து முயல்களில் ஹெர்ப்பீஸ் தீநுண்மியைச் செலுத்தி ஆராய்ந்தார். அது மூளையை எட்டுவது குருதி வழியாகவா, நரம்பைச் சுற்றியுள்ள நிணநீர் வழியாகவா, நரம்பிழையின் உள்ளேயேவா என்பது அன்று தீராத கேள்வி.

குட்பாஸ்சர் கையாண்ட முறை எளியது. முயலின் ஒரு பக்கத்து மெல்லும் தசையில் தீநுண்மியைச் செலுத்தினார். நோய் கண்ட முயலின் மூளைத்தண்டை மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயமேற்றி, நுண்நோக்கியில் பார்த்தார். அத்தசைக்குரிய நரம்பு புறப்படும் இடத்தில், அதே பக்கத்தில்தான் முதற் சிதைவு காணப்பட்டது. குருதி வழியே சென்றிருந்தால் சிதைவு இப்படி ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டிருக்காது. சிதைந்த உயிரணுக்களின் உட்கருவில் இந்நோய்க்கே உரிய உட்பொதிவுகளும் தென்பட்டன. நரம்பிழையின் உட்பகுதியே பாதை என்ற முடிவை 1925இல் வெளியிட்டார்.

1929இல் எழுதிய நீண்ட கட்டுரையில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். முதல் தொற்றுக்குப்பின் தீநுண்மி நரம்பு முடிச்சில், அதாவது நரம்பணுக்களின் உடல்கள் திரண்டிருக்கும் இடத்தில், தங்கிவிடுகின்றது என்றும், காய்ச்சல் போன்ற தூண்டுதல் நேர்கையில் அதே நரம்பின் வழியே தோலுக்குத் திரும்புகின்றது என்றும் கருதினார். முகத்தின் முக்கிளை நரம்பு முடிச்சில் அறுவை செய்தபின் கொப்புளங்கள் தோன்றுவதை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1905இலேயே கவனித்திருந்ததும் இக்கருத்துக்கு இசைவாக இருந்தது.

ஆனால் நேரடிச் சான்று இல்லை. சாயமேற்றும் முறை செயற்படும் தீநுண்மியை மட்டுமே காட்டிக் கொடுக்கும். உறங்குநிலையிலோ உட்பொதிவும் இல்லை, சிதைவும் இல்லை; நரம்பணு இயல்பாகவே தோன்றும்.

கருமுட்டை முறை

1924 முதல் வாண்டர்பில்ட்டில் நோயியல் பேராசிரியராக இருந்தார். 1931இல் ஆலிஸ் மைல்ஸ் உட்ரஃப் என்பவருடன் சேர்ந்து கோழியம்மைத் தீநுண்மியைக் கருமுட்டையின் சவ்வில் வளர்த்துக் காட்டினார். பிற நுண்ணுயிர்கள் கலவாமல் தீநுண்மியைப் பெருமளவில் பெற இது வழிவகுத்தது. இன்ஃபுளுவென்சா தடுப்பூசியின் பெரும்பகுதி இன்றும் முட்டையிலேயே தயாரிக்கப்படுகின்றது. ஓட்டில் சிறு சாளரம் வெட்டித் தூய்மை கெடாமல் செய்யும் நுணுக்கமான கைவேலையில் உட்ரஃபின் பங்கு பெரிது. பாடநூல்கள் பலவும் அவரது பெயரை விட்டுவிடுவது முறையன்று. 1934இல் கிளாட் ஜான்சனுடன் சேர்ந்து, பொன்னுக்கு வீங்கிக்குக் காரணம் ஒரு தீநுண்மியே என்பதைக் குரங்குகளில் நிறுவினார்.

1945 முதல் 1950 வரை மருத்துவப் புல முதல்வராக இருந்த குட்பாஸ்சர், 1955இல் ஓய்வு பெற்று, அமெரிக்கப் படைத்துறை நோயியல் கழகத்தின் அறிவியல் இயக்குநராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1960இல் நாஷ்வில் நகரில் காலமானார்.

இறப்புக்குப் பின் கிடைத்த சான்று

1971இல் ஜாக் ஸ்டீவன்ஸ், மார்ஜரி குக் ஆகியோர் எலிகளின் பாதத்தில் ஹெர்ப்பீஸ் தீநுண்மியைச் செலுத்தி, அவை நலமடைந்தபின் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளை எடுத்தனர். அவற்றை அரைத்துச் சோதித்தால் எதுவும் கிடைக்கவில்லை. அரைக்காமல், வளர்ப்பு ஊடகத்தில் உயிருடன் சில நாட்கள் வைத்திருந்தபோது தீநுண்மி வெளிப்பட்டது. உறங்கும் உயிரணுவில் முழுத் தீநுண்மி இருப்பதில்லை, அதன் மரபுப்பொருள் மட்டுமே இருக்கின்றது; அரைத்தால் விழித்தெழுவதற்கு உயிருள்ள அணுவே எஞ்சாது. மறு ஆண்டே, இறந்த மனிதர்களின் முக்கிளை நரம்பு முடிச்சிலிருந்தும் இவ்வாறே தீநுண்மி பிரித்தெடுக்கப்பட்டது.

1987இல் ஸ்டீவன்ஸ் குழுவினர் வேறொரு முறையைக் கையாண்டனர். தீநுண்மியின் ஆர்.என்.ஏ.வுடன் மட்டும் பிணையும் குறியிட்ட துண்டுகளைத் திசுச் சீவலின் மீது இட்டபோது, உறங்குநிலைத் தொற்றுள்ள நரம்பணுக்களின் உட்கருக்கள் தனித்துத் தெரிந்தன. குட்பாஸ்சரின் சீவல்களில் இயல்பாகவே தோன்றியிருக்கக்கூடிய அணுக்கள் இவை. பின்னர் வந்த பி.சி.ஆர். முறை மிகச் சிறிதளவு டி.என்.ஏ.வையும் பெருக்கிக் காட்டுகின்றது. ஆயினும் அந்த டி.என்.ஏ. மீண்டும் தீநுண்மியாக எழ வல்லதா என்பதை அது மட்டும் கூறாது. அதற்கு நரம்பு முடிச்சை உயிருடன் வளர்த்துப் பார்க்கும் 1971ஆம் ஆண்டின் முறையே துணைநிற்கின்றது.