100 பாயின்ட் அடித்த வில்ட் சேம்பர்லின்... ஆனா, எந்த டீமுக்கு ஆடணும்னு முடிவு பண்ணினது யாரு?

2025 நவம்பர் ஞாபகம் இருக்கா? ஜடேஜாவும் சாம் கரணும் சென்னையில இருந்து ராஜஸ்தானுக்கு, சஞ்சு சாம்சன் அங்கிருந்து சென்னைக்கு. அந்த ஒரு வாரம் நம்ம எல்லாருமே மேனேஜர் ஆகிட்டோம். 'ஒரு ஆளுக்கு ரெண்டு பேரைக் கொடுத்தது நியாயமா?', 'வயசைப் பாருங்க பாஸ்', 'கீப்பர் வேணும்ல!' என்று வீட்டு வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் கச்சேரிதான். அதே வருஷம் பிப்ரவரியில் டல்லாஸ் டீம் தன்னோட செல்லப்பிள்ளை லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குத் தூக்கிக் கொடுத்தப்போ, டல்லாஸ் ரசிகர்கள் ஸ்டேடியம் வாசலிலேயே போராட்டம் பண்ணினாங்க.

என்.பி.ஏ பார்க்கிறவங்களுக்கு இது வருஷா வருஷம் வர்ற திருவிழா. ஜூனில் ஃபைனல்ஸ் முடிஞ்சதும், யாரை விடலாம், யாரைப் பிடிக்கலாம் என்கிற சண்டை ஆரம்பிச்சுடும். ரெண்டு வார்த்தையை மட்டும் தெரிஞ்சுக்கிட்டா போதும். டிரேட் என்றால், டீம் தன்னோட வீரரை இன்னொரு டீமுக்குக் கொடுத்து வேறு ஆட்களையோ பணத்தையோ வாங்குவது. ஃப்ரீ ஏஜென்ட் என்றால், ஒப்பந்தம் முடிந்த வீரர் தனக்குப் பிடித்த டீமுக்குப் போவது. முதலாவதில் முடிவு முதலாளியோடது. ரெண்டாவதில் வீரரோடது.

இந்த ரெண்டாவது வார்த்தைக்கு அர்த்தமே இல்லாத காலத்தில் ஆடியவர் வில்ட் சேம்பர்லின். பாஸ்கெட்பாலில் அவரைவிட அதிகமா சாதனை வெச்சிருக்கிற ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். அவர் எங்கே ஆடணும் என்பதை முதன்முதலா முடிவு செய்தப்போ, அவர் இன்னும் ஸ்கூலைக்கூட முடிக்கலை.

1936 ஆகஸ்ட் 21-ல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார் வில்ட். பெரிய குடும்பம், அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். ஓவர்புரூக் என்கிற உள்ளூர் பள்ளியில் படிக்கும்போதே ஆள் 7 அடியை எட்டிட்டார். பின்னாடி நிலைத்த உயரம் 7 அடி 1 அங்குலம். உயரத்தைக் கிண்டல் பண்ணி 'ஸ்டில்ட்' என்று பத்திரிகைகள் வெச்ச பட்டப்பெயர் அவருக்குச் சுத்தமா பிடிக்காது. வாசல் நிலையில் இடிக்காமல் குனிந்து போவதைப் பார்த்து நண்பர்கள் வெச்ச 'டிப்பர்' என்கிற பேர்தான் பிடிக்கும்.

அப்போ என்.பி.ஏ-வில் ஒரு விதி இருந்தது. தன் ஊரைச் சுற்றி சுமார் 50 மைலுக்குள் ஒரு நல்ல கல்லூரி வீரர் இருந்தால், மற்ற டீம்களுக்கு முன்னாடியே ஒரு டீம் அவரைத் தனக்குன்னு எடுத்துக்கலாம். உள்ளூர் பையன் ஆடினால் டிக்கெட் விற்கும் என்பது கணக்கு. ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ் முதலாளி எடி காட்லீப் ஒரு படி மேலே போனார். வில்ட் எந்தக் கல்லூரிக்குப் போனா என்ன, பள்ளியில் படிச்சது எங்க ஊர்லதானே என்று 1955-லேயே உரிமை கொண்டாடினார். லீகும் சரின்னுடுச்சு. 18 வயசுப் பையன் 22 வயசில் எங்கே வேலை பார்ப்பான் என்பது அன்னைக்கே முடிஞ்சுபோச்சு.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. இந்த விஷயத்தைப் படிச்சப்போ, எங்க கடற்கரையில் நடந்த முத்துச் சலாபம்தான் நினைவுக்கு வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் முத்துக்குளிப்பு நடந்த விதம் இப்படி. மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கி, பாரில் இருந்து சிப்பியை அள்ளிக்கொண்டு வருவார் குளியாள். படகு கரை சேர்ந்ததும், கொட்டு என்று சொல்கிற வேலி அடைத்த இடத்தில் அவர் எடுத்த சிப்பியை மூணு குவியலாகப் பிரிக்கணும். அதில் ரெண்டை அரசாங்க அதிகாரி தேர்ந்தெடுத்துக்கொள்வார். அந்தச் சிப்பிகள் சாயந்தரம் ஆயிரக்கணக்கில் ஏலத்துக்குப் போகும். திறந்து பார்க்காமலேயே ஏலம்! உள்ளே முத்து இருந்தா லாபம், இல்லைன்னா போச்சு. இன்னைக்கு டீம்கள் இளம் வீரர்களை டிராஃப்டில் எடுப்பதும் கிட்டத்தட்ட இந்தச் சூதாட்டம்தான்.

ஆனா, மிச்சம் இருந்த மூணாவது குவியலைக் கவனிங்க. அது குளியாளோடது. வெளியே கொண்டுவந்து, யார் நல்ல விலை தர்றாங்களோ அவங்களுக்கு விற்கலாம். யாரும் கேட்க முடியாது. கடலில் உயிரைக் கொடுத்தவருக்கு மூணில் ஒண்ணு குறைவுதான், ஒப்புக்கிறேன். ஆனா, அந்த ஒண்ணாவது அவர் இஷ்டம். என்.பி.ஏ-வில் வில்ட்டுக்குச் சம்பளம் இருந்தது, கார் இருந்தது, புகழ் இருந்தது. அந்த மூணாவது குவியல் மட்டும் இல்லை.

கதைக்கு வருவோம். கான்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1957 கல்லூரிகள் ஃபைனலில் மூணு ஓவர்டைம் போய், 54-53 என்று ஒரே பாயின்ட்டில் நார்த் கரோலினாவிடம் தோற்றது அவர் டீம். அவரை மூணு பேர் சூழ்ந்துகொள்வதும், பந்தைச் சும்மா கையில் வெச்சுக்கிட்டு எதிரணி நேரத்தை ஓட்டுவதும் அவருக்கு அலுத்துப்போச்சு. ஒரு வருஷம் மிச்சம் இருக்கும்போதே 1958-ல் கல்லூரியை விட்டார். கூடப் படிச்சவங்க பட்டம் வாங்கும் வரைக்கும் என்.பி.ஏ-வில் சேரக் கூடாது என்று இன்னொரு விதி குறுக்கே நின்றது. அதனால் அந்த ஒரு வருஷம் ஹார்லம் குளோப்டிராட்டர்ஸோடு ஊர் ஊராகச் சுற்றினார். பாதி விளையாட்டு, பாதி காமெடி. 1959-ல் மாஸ்கோ வரைக்கும் போய் ஆடினாங்க. தன் வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலம் அதுதான் என்று பின்னாடி பல முறை நினைவுகூர்ந்திருக்கார். அவரே தேர்ந்தெடுத்த டீம் அது என்பதைச் சேர்த்துப் பாருங்க.

1959-ல் வாரியர்ஸ். முதல் சீசனிலேயே சராசரி 37.6 பாயின்ட், 27 ரீபவுண்ட். சிறந்த புதுமுகம், சிறந்த வீரர் ரெண்டு விருதும் ஒரே வருஷத்தில். 1961-62 சீசனில் சராசரி 50.4. இன்னைக்கு ஒருத்தர் ஒரு மேட்சில் 50 அடிச்சாலே நம்ம ரீல்ஸ் நிரம்பிடுது; இவருக்கு அது சீசன் முழுக்கச் சராசரி!

அந்த சீசனில்தான் 1962 மார்ச் 2 வந்தது. சாக்லேட் கம்பெனியால் பேர் வாங்கின ஹெர்ஷி என்கிற சின்ன ஊர். எதிரணி நியூயார்க் நிக்ஸ். பார்க்க வந்தவங்க 4,124 பேர். டி.வி கேமரா கிடையாது. அன்னைக்கு வில்ட் 100 பாயின்ட் அடிச்சார். ஃப்ரீ த்ரோவில் படுமோசம் என்று பேர் வாங்கினவர், அன்னைக்கு 32-க்கு 28 போட்டார். ஸ்கோர் 169-147. அவரைத் தடுக்க நிறுத்தப்பட்ட நிக்ஸ் சென்டர் டேரல் இம்ஹாஃப். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க; திரும்ப வருவார்.

அதே வருஷம் டீமை விற்றுட்டாங்க. வாரியர்ஸ் நாட்டின் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்கு, சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு, மாறியது. உள்ளூர் பையன் என்று சொல்லித்தானே பள்ளியிலேயே வில்ட்டைப் பிடிச்சு வெச்சாங்க? இப்போ ஊரே இல்லை, ஆனா பிடி மட்டும் அப்படியே இருந்தது. அதே டீமின் இன்னொரு நட்சத்திரம் பால் அரிஸின், ஃபிலடெல்ஃபியாவை விட்டு வர மாட்டேன்னு சொல்லி என்.பி.ஏ-வை விட்டே விலகிட்டார். அந்தக் காலத்து வீரருக்கு இருந்த ஒரே சுதந்திரம் அதுதான். ஆடு, இல்லைன்னா ஆட்டத்தையே விடு.

மூணு வருஷம்கூட ஆகலை. 1965 ஜனவரி, ஆல்-ஸ்டார் இடைவேளை. வில்ட்டை ஃபிலடெல்ஃபியாவுக்கே டிரேட் பண்ணிட்டாங்க. வாரியர்ஸ் போன பிறகு அந்த ஊருக்கு வந்திருந்த புது டீம், 76யர்ஸ். பதிலுக்கு வாரியர்ஸ் வாங்கினது மூணு வீரர்களையும் 1,50,000 டாலரையும். அந்த மூணு பேரில் ஒருவர் லீ ஷாஃபர். அவர் வாரியர்ஸுக்குப் போய் ஒரு மேட்ச்கூட ஆடாமல் பாஸ்கெட்பாலையே விட்டுட்டார்.

சரி, ரசிகரா யோசிப்போம். அந்த டிரேட் முட்டாள்தனமா? இல்லைன்னுதான் நான் சொல்வேன். வாரியர்ஸிடம் அதே சென்டர் இடத்துக்கு நேட் தர்மண்ட் என்கிற இளம் வீரர் காத்திருந்தார். வில்ட் சம்பளம் பெரிசு, டீம் தோற்றுக்கொண்டே இருந்தது, கூட்டமும் வரலை. அந்த சீசனை 17 வெற்றி, 63 தோல்வி என்று முடிச்ச டீம், அடுத்த டிராஃப்டில் ரிக் பேரியைப் பிடிச்சு, 1967-ல் ஃபைனல்ஸுக்கே வந்துடுச்சு. அங்கே எதிரே நின்றது யார்? வில்ட்டின் 76யர்ஸ்தான். 4-2 என்று 76யர்ஸ் ஜெயிச்சது. தொடர்ந்து எட்டு முறை சாம்பியனா இருந்த பாஸ்டனை அதுக்கு முன்னாடியே வெளியேற்றி, 68 வெற்றியோடு வந்த டீம் அது. ரெண்டு பக்கமும் பிழைத்த டிரேட். கேட்கப்படாமல் போனது வில்ட்டின் விருப்பம் மட்டும்தான்.

ஃபிலடெல்ஃபியா கதை அழகா முடியலை. டீம் முதலாளிகளில் ஒருவரான ஐக் ரிச்மன், வில்ட்டுக்கு நெருங்கின நண்பர். டீமில் ஒரு பங்கு தருவதாக ரிச்மன் வாக்குக் கொடுத்தார் என்பது வில்ட்டின் பேச்சு. 1965 டிசம்பரில், பாஸ்டனில் மேட்ச் நடந்துகொண்டிருந்தப்பவே மாரடைப்பில் ரிச்மன் இறந்துபோனார். எழுத்தில் எதுவும் இல்லை. இன்னொரு முதலாளி அந்த வாக்கை ஏற்கலை. அந்தக் கசப்பு அவரை விட்டுப் போகவே இல்லை.

ஆனா, 1967-ல் ஒரு விஷயம் மாறியிருந்தது. ஏ.பி.ஏ என்று போட்டி லீக் ஒன்று தொடங்கி, என்.பி.ஏ வீரர்களுக்கு வலை வீச ஆரம்பிச்சது. முதல்முறையா வில்ட் கையில் ஒரு துருப்புச்சீட்டு. நான் கேட்கிற இடத்துக்கு அனுப்பு, இல்லைன்னா அந்தப் பக்கம் போயிடுவேன். 1968 ஜூலையில் 76யர்ஸ் அவரை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்தது. லீகின் நடப்புச் சிறந்த வீரரை ஒரு டீம் டிரேட் பண்ணியது அதுதான் முதல் தடவை. பதிலுக்கு வந்தவங்க மூணு பேர்: ஆர்ச்சி கிளார்க், ஜெர்ரி சேம்பர்ஸ், அப்புறம் டேரல் இம்ஹாஃப். ஆமா, 100 பாயின்ட் வாங்கிக் கட்டிக்கிட்ட அதே இம்ஹாஃப்!

இந்த டிரேடுக்குத் தீர்ப்பு சொல்ல ரொம்ப யோசிக்க வேண்டாம். லேக்கர்ஸ் 1971-72-ல் தொடர்ந்து 33 மேட்ச் ஜெயிச்சுச் சாம்பியன் ஆனது; ஃபைனல்ஸின் சிறந்த வீரர் வில்ட். அடுத்த சீசனில் 76யர்ஸ் ஜெயிச்சது வெறும் 9 மேட்ச், தோற்றது 73. டல்லாஸ் ரசிகர்கள் ஏன் வாசலில் நின்னு கத்தினாங்கன்னு இப்போ புரியுதா?

இடையில் 1969-ல் பாஸ்டனிடம் ஏழாவது மேட்சில் 108-106 என்று தோற்ற வலி தனிக் கதை. முழங்கால் அடிபட்டு வெளியே வந்தவரை, திரும்ப இறங்கத் தயார்னு சொன்ன பிறகும் கோச் உள்ளே விடலை.

1973. வயசு 37. லேக்கர்ஸோடு ஒப்பந்தம் முடிஞ்சது. ஏ.பி.ஏ-வின் சான் டியாகோ டீம் ஒரு வருஷத்துக்கு 6,00,000 டாலர் தர்றேன், ஆடவும் செய், கோச்சாகவும் இரு என்றது. கையெழுத்துப் போட்டார். உடனே லேக்கர்ஸ் கோர்ட்டுக்குப் போனது. ஒப்பந்தத்தில் 'ஆப்ஷன்' என்று ஒரு விதி. காலம் முடிஞ்சாலும் வீரரை இன்னொரு வருஷம் தன்னிடமே வெச்சுக்க டீமுக்கு உரிமை உண்டு. கோர்ட் லேக்கர்ஸ் பக்கம் நின்றது. வில்ட் கோச்சா இருக்கலாம், ஆனா ஆடக் கூடாது.

உலகத்திலேயே பலசாலியான பாஸ்கெட்பால் வீரர் ஒரு சீசன் முழுக்க ஓரத்தில் நின்றார். மனசு ஒட்டலை. சில மேட்சுக்கு வரவே இல்லை; அசிஸ்டென்ட் கோச்தான் டீமை நடத்தினார். அது பொறுப்பில்லாத நடத்தைதான். பணம் வாங்கினவர் செய்யக் கூடாதது. ஆனா, தானே தேர்ந்தெடுத்த டீமில் ஆட விடாமல் நிறுத்தப்பட்டவர் என்பதும் உண்மை. 1974-ல் விலகினார். அதுக்கப்புறம் அவர் ஆடவே இல்லை.

அவர் ஆடிக்கொண்டிருந்தப்பவே வேறொருவர் இந்தப் பூட்டை உடைக்க ஆரம்பிச்சிருந்தார். வீரர்கள் சங்கத் தலைவர் ஆஸ்கர் ராபர்ட்சன், 1970-ல் லீக் மேல் வழக்குப் போட்டார். 1976-ல் சமரசம், அந்த ஆப்ஷன் விதி ஒழிந்தது. வீரர் முழுச் சுதந்திரத்தோடு டீம் மாற 1988 ஆனது. அந்த வழியில் முதலில் போனவர் டாம் சேம்பர்ஸ். சியாட்டிலில் இருந்து ஃபீனிக்ஸுக்கு. அப்போ வில்ட்டுக்கு 50 தாண்டியிருந்தது. அந்த வயசை நெருங்கும் வரைக்கும்கூட சில டீம்கள் அவரைத் திரும்ப வந்து ஆடச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருந்தன. அவர் வாலிபால் ஆடினார், அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகரோடு 'கோனன் தி டெஸ்ட்ராயர்' படத்தில் நடிச்சார், பாஸ்கெட்பாலுக்கு மட்டும் மாட்டேன்னுட்டார்.

1999 அக்டோபர் 12-ல் லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டில் இதயம் செயலிழந்து இறந்தார் வில்ட். வயசு 63. 1,045 மேட்ச், 31,419 பாயின்ட், 23,924 ரீபவுண்ட். ரீபவுண்ட் கணக்கை இன்னைக்கு வரைக்கும் யாரும் தொடலை. அவர் போட்டிருந்த 13-ம் நம்பர் ஜெர்சியை வாரியர்ஸ், 76யர்ஸ், லேக்கர்ஸ் மூணு டீமுமே இனி யாருக்கும் தர மாட்டோம்னு சொல்லி எடுத்து வெச்சிருக்கு. குளோப்டிராட்டர்ஸும்தான்.