மலைவளம் கண்ட ஜானகி அம்மாள்

திருக்குற்றாலக் குறவஞ்சியில் திரிகூடராசப்பக் கவிராயர் மலைவளம் கூறும் பொறுப்பை ஒரு குறத்தியிடம் ஒப்படைத்தார். மலையின் கனியும் கிழங்கும் அறிந்தவளாக ஒரு பெண்ணை நிறுத்துவதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. கல்லூரிகளும் ஆய்வு நிலையங்களும் அவ்விடத்தைப் பெண்ணுக்கு அத்துணை எளிதில் தந்துவிடவில்லை. தாவரவியலறிஞர் ஈ.கே. ஜானகி அம்மாளின் வாழ்க்கையைக் கவிஞர்கள் கூடும் நம் வட்டத்தின் மலரில் எழுத விழைந்தமைக்குக் காரணம் இதுவே.

அம்மையார் 1897 நவம்பர் 4 அன்று தலைச்சேரியில் பிறந்தார். சகோதரியர் மணவாழ்வு ஏற்க, இவர் படிப்பைத் தேர்ந்தார். சென்னையில் இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். ஆசியப் பெண்களுக்கென்றே ஏற்பட்ட பார்பர் உதவித்தொகை அவரை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்கு அழைத்துச் சென்றது. 1931-இல் ஆய்வுப் பட்டம் பெற்றார். பெண்களுக்கெனத் தனி ஒதுக்கீடு எதற்கு என வினவுவோர், அந்த உதவித்தொகை இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என எண்ணிப் பார்க்கலாம்.

திருவனந்தபுரத்தில் சிறிது காலம் பேராசிரியராக இருந்தபின், 1934-இல் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். பேய்க்கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து புதுச்செடி கண்டார். நாட்டுக் கரும்பை இனிப்பாக்கியவர் என்று இன்று அவரைப் புகழ்கிறார்கள். அது மிகையுரை, அவர் கண்டவை அதனினும் நுட்பமானவை. ஆயினும் மணமாகாத பெண், அதிலும் தீயர் குலத்தவர். உடன் பணியாற்றிய ஆடவரிடையே அவர் நிலை இனிதாயிருக்கவில்லை என வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர்.

1939-இல் எடின்பரோ மரபியல் மாநாட்டிற்குச் சென்றவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கினார். அங்கு டார்லிங்டனுடன் இணைந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945-இல் வெளியிட்டார். நூலின் முகப்பில் இருவர் பெயரும் உள்ளன. உழைத்த பெண்ணின் பெயர் முன்னுரையின் நன்றிப் பகுதியில் ஒதுங்கிவிடும் வழக்கம் அறிந்தவர்க்கு இதன் அருமை புரியும்.

நேரு அழைத்ததன்பேரில் 1951-இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பணியை ஏற்றார். ஆனால் அதன் தலைமை ஹெர்மெனெகில்டு சாந்தாபாவுக்குச் சென்றது. தமக்குரியதெனக் கருதிய இடம் பிறரிடம் போனதில் அம்மையார் மனம் நொந்தார். அலகாபாத்து மைய ஆய்வுக்கூடம் அவருக்கு வாய்த்தது.

விரிவுரையாளர் தேர்வொன்றில் என் ஆய்வேட்டைப் பற்றிய வினாக்கள் இரண்டே. குழந்தையை யார் பார்த்துக்கொள்வார் என்ற விசாரணையோ நீண்டது. வந்திருந்த ஆடவர் எவரிடமும் அது கேட்கப்படவில்லை. அனைவருக்கும் ஒரே வினாக்கள், தேர்ந்தமைக்கும் தவிர்த்தமைக்கும் எழுத்தில் காரணம் என்ற விதி இருப்பின், இத்தகைய விசாரணைக்கு இடமிராது.

1977-இல் பத்மஸ்ரீ விருது வந்தபோது அம்மையாருக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது. அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கவும் அந்த முதுமையில் குரல் கொடுத்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதுரவாயல் களநிலையத்தில் மூலிகைகளை வளர்த்து ஆராய்ந்து வந்தவர், 1984 பிப்ரவரி 7 அன்று மறைந்தார்.