காவி கட்டிய இத்தாலி பாதிரியார்: மதுரையை கலக்கிய தத்துவ போதகர்

மதுரை, ஜன.16–

மதுரை வீதியில் 400 வருடங்களுக்கு முன்பு ஒரு சந்நியாசி நடந்து போனார். உடம்பில் காவி. நெற்றியில் சந்தனம். காலில் மரக்கட்டை பாதக்குறடு. கையில் கமண்டலம். ஆள் மட்டும் செக்கச்செவேல் என்று இருந்தார். எதிரே வந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் இத்தாலிக்காரர். கத்தோலிக்க பாதிரியார். பெயர் ராபர்ட் தே நொபிலி. தமிழில் தத்துவ போதகர். இன்று அவரது நினைவு நாள்.

பெரிய இடத்துப் பிள்ளை

1577-ல் பிறந்த நொபிலி, போப் 3-ம் ஜூலியஸ் குடும்பத்துக்கு சொந்தம். புகழ்பெற்ற கர்தினால் பெல்லார்மினும் உறவுக்காரர்தான். உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஏழு தலைமுறைக்கு காணும். அதையெல்லாம் விட்டுவிட்டு ஏசு சபையில் சேர்ந்து சாமியார் ஆனார். கப்பல் ஏறி 1605 மே மாதம் கோவா வந்தார். முத்துக்குளித்துறையில் கொஞ்ச நாள் தமிழ் படித்தார். 1606 நவம்பரில் மதுரைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 29.

அன்றைய மதுரை நாயக்கர் ராஜ்ஜியத்தின் தலைநகரம். அரண்மனையில் தெலுங்கு. கடைவீதியில் தமிழ். பண்டிதர்கள் கூடினால் சமஸ்கிருதம். சைவர், வைணவர், கடற்கரையில் இருந்து வந்த பரதவ கிறிஸ்தவர்கள் என்று பல தரப்பு ஜனம். இந்த ஊரில் படிக்கிற மாணவர்கள் மட்டும் 10 ஆயிரம் பேருக்கு மேல் இருப்பார்கள் என்று 1610-ல் ஒரு கடிதத்தில் நொபிலி வியந்து எழுதினார். இப்படிப்பட்ட ஊரில் சும்மா வாய்க்கு வந்ததை பிரசங்கம் செய்தால் எடுபடுமா?

‘பரங்கி’ என்ற பட்டம்

அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுகீசிய பாதிரியார் மதுரையில் இருந்தார். முன்னாள் சிப்பாய். நல்ல மனுஷன். பள்ளிக்கூடம் நடத்தினார். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். ஆனால் 11 வருடம் பாடுபட்டும் உள்ளூர் இந்து ஒருவர்கூட அவர் மதத்தில் சேரவில்லை.

காரணம் ‘பரங்கி’ என்ற ஒரு வார்த்தை. போர்ச்சுகீசியர்களை ஜனங்கள் அப்படித்தான் சொன்னார்கள். பரங்கி என்றால் மாட்டுக்கறி தின்பவன், குடிப்பவன், குளிக்காதவன் என்று அர்த்தம். இதில் வேடிக்கை என்னவென்றால், ஞானஸ்நானம் கொடுக்கும்போது பாதிரியார்களே பரங்கிக் குலத்தில் சேர சம்மதமா என்றுதான் கேட்டுக் கொண்டிருந்தார்கள். அந்த வார்த்தையின் அர்த்தம் அவர்களுக்கு புரியவில்லை. யார் சேருவார்கள்?

நொபிலிக்கு இது சட்டென்று பிடிபட்டது. ஏசுவை கும்பிட வேண்டும் என்றால் போர்ச்சுகீசியன் ஆக வேண்டுமா என்ன? தான் பரங்கி இல்லை, ரோமாபுரி ராஜ குலத்தவன், உலகத்தை துறந்த சந்நியாசி என்று அறிவித்தார். கறுப்பு அங்கியை கழற்றிவிட்டு காவி கட்டினார். பிராமணர்கள் குடியிருந்த பகுதியில் குடிசை போட்டார். கறி மீன் கிடையாது. ஒரு வேளை சோறு, காய்கறி, பால். அவ்வளவுதான்.

குரு கிடைத்தார்

சிவதர்மா என்ற தெலுங்கு பிராமண பண்டிதர் அவருக்கு சமஸ்கிருதமும் வேதமும் சொல்லிக் கொடுத்தார். வெளியாளுக்கு வேதம் சொல்லித் தருவது அன்று லேசுப்பட்ட காரியம் இல்லை. சமஸ்கிருதத்தை ஆழமாக படித்த முதல் ஐரோப்பியர்களில் ஒருவர் என்ற பெயர் நொபிலிக்கு கிடைத்தது இவரால்தான்.

குடிசைக்கு பண்டிதர்கள் வர ஆரம்பித்தார்கள். கடவுள் ஒருவரா, உலகத்தை எதில் இருந்து படைத்தார், மறுபிறவி உண்டா என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கும். நொபிலி தன் மதமே சரி என்று நம்பியவர். ஆள் சேர்க்கத்தான் வந்தார். அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனாலும் எதிராளியின் நூலை அவர் மொழியிலேயே படித்துவிட்டு வந்து வாதம் செய்தார். அதுதான் மதுரைக்கு புதுசு. சிவதர்மாவும் 1609-ல் ஞானஸ்நானம் பெற்றார். குடுமியும் பூணூலும் அப்படியே இருந்தன.

கிறிஸ்தவத் தமிழில் அதுவரை லத்தீன், போர்ச்சுகீசிய சொற்கள் மண்டிக் கிடந்தன. பூசை, கோவில், குரு, பிரசாதம் என்று நம்ம ஊர் வார்த்தைகளை கொண்டுவந்து போட்டார். நூல்களை உரைநடையில் எழுதினார்.

சொந்த வீட்டிலேயே எதிர்ப்பு

எதிர்ப்பு கோவிலுக்கு உள்ளே இருந்துதான் கிளம்பியது. 11 வருடம் உழைத்த பெர்னாண்டசுக்கு மனசு ஆறவில்லை. தனிக் கோவில், தனிச் சமையல் என்று போய்விட்ட இளம் பாதிரியார் மீது மேலிடத்துக்கு புகார் எழுதினார். பூணூலும் சந்தனமும் விக்கிரக ஆராதனை இல்லையா என்று கேட்டார்.

விவகாரம் முற்றியது. நொபிலியின் பணிக்கு முட்டுக்கட்டை விழுந்தது. 1619-ல் கோவாவில் கூடிய சபையில் ஆர்ச்பிஷப்பே அவருக்கு எதிராக நின்றார். பூணூல், குடுமி எல்லாம் ஊர் வழக்கம், மதம் இல்லை என்று நொபிலி ஆதாரங்களோடு வாதாடினார். கடைசியில் 1623 ஜனவரி 31-ந் தேதி போப் 15-ம் கிரகோரி அவருக்கு சாதகமாக உத்தரவு போட்டார். கூடவே ஒரு புத்திமதியும் சொன்னார். மேல்சாதி கிறிஸ்தவர்கள் தாழ்ந்த சாதியாரை இழிவாக நினைக்கக் கூடாது என்பதே அது.

அடைபட்ட கதவு

போப் கை வைத்த இடம்தான் நொபிலி கதையின் காயம். பிராமண சந்நியாசியாக வாழ்ந்தால்தான் பிராமணர் வீட்டுக் கதவு திறக்கும். ஆனால் அந்த வேஷத்தோடு சேரிக்குள் பகிரங்கமாக கால் வைக்க முடியாது. வைத்தால் முதல் கதவு சாத்திக்கொள்ளும். சாதியும் ஊர் வழக்கம்தான் என்று அவர் எடுத்துக் கொண்டார். அவரது அறிவுக்கு இது தகுமா என்று இன்று கேட்கத்தான் தோன்றுகிறது. பரங்கி என்ற அவமானத்தை தாங்க முடியாமல்தானே அவரே வேஷம் மாறினார்!

உழைக்கிற ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. தங்களுக்கும் குரு வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். எனவே 1640-ல் பண்டாரசாமி என்ற புது வகை பாதிரியார்கள் ஏற்பட்டார்கள். பால்தசார் தா கோஸ்தா முதல் பண்டாரசாமி. பண்டாரம் எல்லா வீட்டுக்கும் போகலாம். சபை வேகமாக வளர்ந்தது இவர்கள் வழியாகத்தான். ஆனால் மேல்சாதிக்கு ஒரு சாமியார், கீழ்சாதிக்கு ஒரு சாமியார் என்ற பிரிவும் கூடவே வளர்ந்தது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் வரை அது போனது.

ஜெயிலும் பார்வையும்

அதே 1640-ல், திருமலை நாயக்கர் காலத்தில், நொபிலி மதுரையில் சிறையில் அடைக்கப்பட்டார். 60 வயதை தாண்டியவர். மறு வருடம் விடுதலையானார். கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. சபை மேலிடம் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. பிறகு மயிலாப்பூர். மதுரைக்கு திரும்ப முடியவே இல்லை.

மயிலாப்பூரில் குடிசையில்தான் இருந்தார். சாப்பாடும் பழையபடி சைவம்தான். பார்வை போன பிறகு அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். 1656 ஜனவரி 16-ந் தேதி, 78-வது வயதில் கண் மூடினார்.

1744-ல் ரோமாபுரி அவர் வாங்கிய சலுகைகளில் பலவற்றை ரத்து செய்தது. 1965-ல் 2-ம் வத்திக்கான் சங்கம் மற்ற மதத்தினரோடு கலந்து பேசச் சொன்னபோது மறுபடியும் நொபிலி பெயர் அடிபட்டது. ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் போன்ற அவரது நூல்களை 1960-களில் தூத்துக்குடி தமிழ் இலக்கியக் கழகம் அச்சில் கொண்டுவந்தது. மதுரையில் அவர் பெயரில் ஒரு மேய்ப்புப்பணி நிலையம் இருக்கிறது.