ராமன் அளந்த சொட்டு

பொன்முடிக்குப் போகும் நம்மவர்கள் வழியில் கல்லாற்றில் இறங்காமல் வருவதில்லை. அங்கே பாறை இடுக்கில் தேங்கிய நீர்மேல் நீண்ட கால் பூச்சிகள் முழுகாமல் ஓடித் திரியும். நீரின் மேற்பரப்பு மெல்லிய தோல்போல் விறைத்து நின்று அவற்றைத் தாங்குகிறது. இதற்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். அந்த நீரில் சோப்பைக் கரைத்தால் பூச்சி அமிழ்ந்துவிடும்.

இவ்விசையை அளக்கும் முறை ஒன்றைப் பற்றி 1907-இல் லண்டன் 'பிலசாபிகல் மாகஸீன்' ஏட்டில் எழுதியவர், 1888-இல் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன். இருபது வயது நிரம்பாத இளைஞர்! பரப்பின் வளைவை அளந்து இழுவிசையைக் கணக்கிடுவது அம்முறை. 20 டிகிரி சென்டிகிரேடில் தூய நீருக்கு இது மீட்டருக்குச் சுமார் 73 மில்லிநியூட்டன். சோப்புக் கரைசலில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். உப்பைக் கரைத்தாலோ சற்று ஏறும். நீரில் கலந்த ரசாயனத்தைச் சொட்டின் வடிவமே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

அதே ஆண்டில் நிதித்துறை உத்தியோகம் அவரைக் கல்கத்தாவுக்கு இழுத்தது. கைநிறையச் சம்பளம், வேறொருவராயிருந்தால் பௌதிகத்தை மறந்திருப்பார். ராமன் ஆபீஸ் முடிந்ததும் பௌபஜார் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். 1917-இல் உத்தியோகத்தை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்தில் பேராசிரியரானார். 1920-களில் ராம்தாஸுடன் சேர்ந்து திரவப் பரப்பில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தார். 1930-இல் கிடைத்த நோபல் பரிசு இன்னோர் ஆராய்ச்சிக்கு.