பிறந்தது ரேபள்ளி, பெயர் தந்தது சித்தூர்: நடிகர், இயக்குநர் நாகையாவின் வாழ்க்கைப் பயணம்

சித்தூர் (ஆந்திரப் பிரதேசம்): நடிகராகத் திரையுலகில் நுழைந்து, இயக்குநர், இசையமைப்பாளர், தயாரிப்பாளர் என உயர்ந்தவர் வி.நாகையா.

அன்றைய குண்டூர் மாவட்டம் ரேபள்ளியில் 1904 மார்ச் 28 அன்று பிறந்த இவருக்கு, சித்தூர் நாடக மேடையே முதற்புகழை அளித்தது. அவ்வூரின் பெயரே அவரது அடையாளமாகவும் நிலைத்தது.

1938-ல் 'கிருகலட்சுமி' படத்தில் அறிமுகமான நாகையா, மறு ஆண்டே 'வந்தே மாதரம்' படத்தில் நாயகனானார். தமிழில் 'அசோக்குமார்' (1941) படத்தில் பேரரசர் அசோகராகவும், 'மீரா' (1945) படத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமியின் கணவர் ராணாவாகவும் நடித்தார்.

1946-ல் வெளியான 'தியாகய்யா' படத்தைத் தயாரித்து, இயக்கி, இசையமைத்து, தியாகராஜராகவும் அவரே நடித்தார். அப்படம் அவருக்குப் பெரும் புகழ் சேர்த்தது.

ஈட்டிய பொருளைக் கேட்டவர்க்கெல்லாம் வாரி வழங்கினார். சொந்தத் தயாரிப்புகளும் கடன் சுமையைக் கூட்டின. அவர் இயக்கிய 'பக்த ராமதாசு' 1964-ல் வெளியானது. அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ விருது கிடைத்தபோதிலும், வறுமை நீங்கவில்லை. ஒருகாலத்தில் உச்ச நட்சத்திரமாக விளங்கியவர், பிற்காலத்தில் சிறு வேடங்களை ஏற்றே வாழ்க்கையை நடத்தினார்.

1973 டிசம்பர் 30 அன்று சென்னையில் காலமானார். அவரது சிலை தியாகராய நகர் பனகல் பூங்காவில் நிறுவப்பட்டுள்ளது.