சக்கரம் மிதிக்க இயலாத குயவர்

கைத்தொழிலாற் பிழைப்பவர் பலர். அதனாலே தம்மை வளர்த்துக்கொண்டவர் சிலர். அச்சிலருள் ஒருவரது சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இங்கிலாந்து தேசத்துப் பர்ஸ்லெம் என்னும் ஊரில், பரம்பரையாக மட்கலம் வனைந்துவந்த குடும்பத்தில், 1730-ஆம் ஆண்டு கடைக்குட்டியாகப் பிறந்தவர் ஜோஸையா வெட்ஜ்வுட். ஒன்பதாம் பிராயத்தில் தந்தையை இழந்து தொழிலிற் புகுந்தார். இளமையிலேயே வைசூரி கண்டது. உயிர் பிழைத்தாரேனும் வலது முழங்கால் வலுவிழந்தது. காலால் உதைத்துச் சுழற்றும் சக்கரத்தில் நெடும்பொழுது வனைவது இனி ஆகாதென்றாயிற்று. குயவனுக்குக் கால் போனால் கையும் போனது போலத்தானே!

ஆயினும் அவர் மண்ணை விட்டாரில்லை. எம்மண்ணோடு எக்கல்லைச் சேர்த்துச் சுட்டால் என்ன நிறம் பிறக்கும், என்ன உறுதி வரும் என்பதே அவர் சிந்தையாயிற்று. 1759-இல் பரிசோதனைக் குறிப்பேடு ஒன்று தொடங்கினார். சூளையிலிட்ட சிறு மண்துண்டுகளுக்கு எண்ணிட்டு, அவ்வெண்களுக்கு நேரே கலவைகளை மறைகுறியீட்டால் எழுதிவைத்தார். தொழில் மர்மத்தை ஒளிப்பது நமக்கு உவப்பன்று. எனினும் அப்பொறுமையை மெச்சாதிருக்க இயலவில்லை. இதன் பயனாய்ச் செம்மைப்பட்ட பாலாடை நிறக் கலங்களைச் சார்லட் அரசியாரும் விரும்பி வாங்கினார்.

1768-இல் நோவு மிகவே, அந்த வலக்காலை வெட்டியெடுத்தனர். மயக்க மருந்தை மருத்துவர் அறியாத காலம் அது. மறு ஆண்டு ஜூன் 13-ஆந் தேதி எட்ருரியா என்னும் அவரது புதிய தொழிற்சாலை திறக்கப்பெற்றது. அன்று கூட்டாளி பென்ட்லி சக்கரத்தைச் சுழற்ற, ஒற்றைக்காலரான வெட்ஜ்வுட் தம் கையாலேயே ஆறு கலங்கள் வனைந்தார். சுழற்றியவர் பிறராயினும் வனைந்த கை அவருடையதன்றோ! அரசியார் ஆதரவினும் இதனையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

பின்னர் ஆயிரக்கணக்கான துண்டுகளைச் சுட்டுப் பார்த்து, பேரியம் அடங்கிய ஒருவகைக் கல்லைச் சேர்த்து, நீலத்தின்மேல் வெள்ளுருவம் பொலியும் ஜாஸ்பர் கலத்தைக் கண்டார். 1787-இல் அதே மண்ணால், விலங்கு பூண்டு முழந்தாளிட்ட அடிமையின் உருவம் பதித்த சிறு பதக்கங்கள் செய்து, அடிமை வாணிகத்தை ஒழிக்க முயன்றோர்க்கு விலையின்றி வழங்கினார்.

ரோமர் காலத்துப் போர்ட்லண்டுக் கண்ணாடிக் கலசத்தை இரவல் வாங்கி, அதனை மண்ணில் அப்படியே ஆக்க ஏறத்தாழ நான்காண்டு உழைத்து வென்றார். 1795-இல் காலமானார். 1845-இல் லண்டன் காட்சிசாலையில் ஒருவன் மூலக் கலசத்தை நொறுக்கிவிட, அதனை ஒட்டியமைத்தோர்க்கு வெட்ஜ்வுட்டின் மண் கலசமே துணையாயிற்று.